பெயர் போடாத அறிக்கை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்துக்கு வெர்னன் ஹியட்டலா ஆறாயிரத்து நானூறு பெற்றோருக்கு ஒரு செய்தி அனுப்பினார். "இன்று பள்ளிப் பேருந்து வராது. ஓட்டுநர் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்." அனுப்பியது அவருக்கே தெரியாது. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, அடுத்த வேலை என்ன என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாசகம் சோதனைக்காக அவரே எழுதி வைத்திருந்தது. ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சோதனைக்கு ஒரு செய்தி வேண்டுமென்றால் ஒழுங்காக ஒன்றை எழுத மாட்டார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஏதாவது கோணங்கித்தனமாக எழுதி வைப்பார்கள். வெர்னன் அந்தத் தொழிலுக்கு வந்து பத்து வாரம்தான் ஆகியிருந்தது. தொழிலில் முதலில் ஒட்டிக்கொண்டது இந்தப் பழக்கம்தான்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. காகித ஆலையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர், அதில் கடைசி ஒன்பது வருடம் ஷிஃப்ட் ஃபோர்மேன். ஆலையை மூடியதும் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். காலை டிரிப்புக்கும் மாலை டிரிப்புக்கும் நடுவே ஆறு மணி நேரம் சும்மா கிடந்தது. மற்ற ஓட்டுநர்கள் அந்த நேரத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்தார்கள். இவர் ஊர் நூலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். இவருக்கு வளைந்தது. முதுகுதான் போயிற்று.

மூன்றரை வருடம் ஆயிற்று. சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டு இரண்டு நாள் திரையை முறைத்துக்கொண்டிருந்ததும் உண்டு. கடைசியில், எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் இறங்கும் என்று காட்டுகிற சின்ன ப்ரோகிராம் ஒன்றை பஸ் கராஜுக்கு எழுதிக் கொடுத்தார். பள்ளிப் பேருந்துகளுக்கென்றே மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று மில்வாக்கியில் இருந்தது. அவர்கள் அதைப் பார்த்தார்கள். ப்ரோகிராமும் எழுதுவான், பஸ்ஸும் ஓட்டியிருக்கிறான் என்று கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வீட்டுச் சமையலறை மேசையிலிருந்தே வேலை. மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்கள். இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி இருந்தது.

அதற்குள் இது. வெர்னன் முன்னால் இரண்டு திரை திறந்திருக்கும். ஒன்று விளையாட்டுத் திரை: அதில் என்ன அடித்தாலும் யாருக்கும் போகாது. இன்னொன்று நிஜத் திரை. இரண்டுமே கறுப்பு, இரண்டிலும் அதே வெள்ளை எழுத்து. விளையாட்டுத் திரை என்று நினைத்து நிஜத் திரையில் அடித்துவிட்டார். மனிதன் செய்தது அவ்வளவுதான்.

ஆறரைக்கு இமானி கூப்பிட்டாள். இமானிதான் அந்த ஐந்து பேர் குழுவுக்குத் தலைவி, முப்பதுகூட ஆகவில்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு, முதலில் திருத்தச் செய்தி அனுப்புவோம் என்றாள். அனுப்பினார்கள். அதற்குள் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் போர்வைக்குள் திரும்பப் போய்விட்டிருந்தார்கள். எந்த ஏரி என்று ஒரு தலைமையாசிரியர் போன் போட்டுக் கேட்டாராம். இமானி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு வெர்னனைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் ஆலையில் அவர் கண்ட வழக்கம் வேறு. அங்கே விபத்து நடந்த பிறகு மேலாளர் கத்தினால் பிழைத்தோம் என்று அர்த்தம். சிரித்துப் பேசினால் லாக்கரைக் காலி பண்ணிவிடலாம். ஆட்டுக்கு மாலை போடுவது எதற்கு என்று ஆட்டைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"நான் ரிப்போர்ட் எழுதிடறேன். கையெழுத்தும் போட்டுடறேன்" என்றார்.

"எழுதுங்க. ஆனா கையெழுத்து வேண்டாம் வெர்னன். யாரு பேரும் அதுல வரக்கூடாது. இங்க அதான் வழக்கம்."

"பேரு இல்லாம யாரு செஞ்சாங்கன்னு எப்படி எழுதறது?"

"யாரு செஞ்சாங்கன்னு எழுத வேண்டாம். இது எப்படி நடக்க முடிஞ்சுதுன்னு எழுதுங்க. வியாழக்கிழமை எல்லாரும் உக்காந்து படிப்போம்."

வெர்னனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. செய்தவன் பெயர் இல்லாமல் குற்ற அறிக்கையா? ஆலையில் ஒரு மஞ்சள் தாள் இருந்தது. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஒரு பெயரும் ஒரு சொல்லும் எழுதத்தான் அதில் இடம் இருக்கும். அந்தக் கட்டம் எவ்வளவு அகலம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடம் முன்பு அதை அவர் கையால் நிரப்பியிருந்தார்.

அதில் அவர் எழுதிய பெயர் கர்ட்டிஸ் லாம்பி. மனைவி மார்லிஸின் தம்பி, இவர் ஷிஃப்டிலேயே வேலை பார்த்தவன். மூன்றாம் நம்பர் இயந்திரத்துக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் இரண்டு குழாய்கள், இரண்டிலும் திருகு சக்கரம். ஒன்றில் கழுவுகிற தண்ணீர், இன்னொன்றில் கொதிக்கிற காகிதக் கூழ். கர்ட்டிஸ் தண்ணீர் என்று நினைத்துக் கூழைத் திறந்துவிட்டான். ஒருவனுக்குக் கால் வெந்தது, இயந்திரம் முப்பது மணி நேரம் நின்றது. 'கர்ட்டிஸ் லாம்பி. கவனக்குறைவு' என்று வெர்னன் எழுதினார். இரண்டாம் நாள் அவனுக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து அவன் அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் அவன் வீட்டு சவுனா என்கிற நீராவி அறையில் இரண்டு பேரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்த வழக்கமும் அதோடு நின்றது.

இப்போது தன் முறை வந்துவிட்டது என்று வெர்னன் முடிவு கட்டினார். கர்ட்டிஸுக்கு இரண்டு நாள் ஆயிற்று, எனக்கும் வியாழக்கிழமையோடு இரண்டு நாள். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார்.

ஆனாலும் அறிக்கையை எழுதினார். முதல் வரி: 'வெர்னன் ஹியட்டலா கவனக்குறைவாக நிஜத் திரையில் கட்டளை கொடுத்துவிட்டார்.' பழகிய கை, தானாக வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் இமானி அதைத் திருப்பி அனுப்பினாள். பெயரை அடித்திருந்தாள். கவனக்குறைவையும் அடித்திருந்தாள். என்ன தப்பு என்று இவர் போன் செய்து கேட்டார்.

"கவனக்குறைவுங்கறது காரணமில்ல வெர்னன். கவனம் யாருக்குத்தான் குறையாது? குறைஞ்சப்ப உங்களை எது தடுத்திருக்கணும், அது ஏன் அங்க இல்ல? அதை எழுதுங்க."

போனை வைத்தார். மூன்றரை வருடம் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. கணினி புரிந்துவிட்டது, இந்த மனிதர்கள் புரியவில்லை. தப்புச் செய்தவனே, 'திரை கறுப்பாக இருந்தது' என்று திரைமேல் பழி போடலாமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதைத்தான் எழுதச் சொல்கிறார்களா? இல்லை, எழுத விட்டு, இவன் பழியைத் தட்டிக்கழிக்கிறவன் என்று வியாழக்கிழமை பிடிக்கப் போகிறார்களா?

இரண்டாம் முறை எழுதினார். இரண்டு திரையும் ஒரே நிறம். அனுப்பும் முன் 'நிஜமாகவா?' என்று கேட்க ஒன்றும் இல்லை. எத்தனை பேருக்குப் போகிறது என்று காட்டுவதும் இல்லை. எழுத எழுத, அடடா, இது உண்மைதானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவரைப் பயமுறுத்தியது.

அறிக்கையின் கடைசிக் கேள்வி: 'இதற்கு முன் இது நடக்கப் பார்த்துத் தப்பியதுண்டா? யாருக்குத் தெரியும்?' அதைக் குழுவில் எல்லாரையும் கேட்கவேண்டும் என்று இமானி சொல்லியிருந்தாள். கேட்டார். மூன்று நிமிடத்தில் மூன்று பேர் பதில் எழுதினார்கள். டெவின் என்கிறவன் போன மாதம் அதே நிஜத் திரையில் 'வாழைப்பழம்' என்று அடித்துவிட்டு, பொத்தானை அழுத்தும் முன் பார்த்துவிட்டானாம். இன்னொருத்திக்கு இரண்டு முறை. இமானிக்கே ஒரு முறை. ஒருவருக்கும் வெட்கம் இல்லை. சளி பிடித்ததைச் சொல்வதுபோல் சொன்னார்கள்.

வெர்னன் அந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். அப்புறம் எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றார். பனி விழுந்துகொண்டிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுப்பு நெஞ்சில் இல்லை, வலது உள்ளங்கையில் இருந்தது. இரும்புச் சக்கரத்தின் சூடு அங்கே வந்து போயிற்று.

மாலையில் மார்லிஸ் இறைச்சி அடைத்த பேஸ்டிகளைச் சூடாக்கி வைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார். மீன் பிடிக்கப் போன ஓட்டுநரைக் கேட்டு அவள் சிரித்தாள். பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு வாங்கிக் கொடுத்த புண்ணியவான் என்று கேலி செய்தாள். யார் பெயரும் போடக்கூடாதாம் என்றதும் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு பேரும் போடமாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்."

"என் தம்பி பேரு உன் கையெழுத்துலதான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பதினோரு வருடத்தில் அந்தத் தாளைப் பற்றி அவள் பேசியது அதுவே முதல் தடவை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். அவள் கெட்சப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு வெர்னன் சட்டை மாற்றி, தலை வாரி உட்கார்ந்தார். வேலையைவிட்டு அனுப்பப்படும்போது ஒழுங்காக இருக்கவேண்டும் என்று ஒரு எண்ணம். ஐந்து முகங்கள் திரையில் வந்தன. அறிக்கையைப் படித்தார்கள், கேள்வி கேட்டார்கள். யாரும் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, அறிக்கையைப் பார்த்துக் கேட்டார்கள். நிஜத் திரைக்குச் சிவப்பு நிறம் அடிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி என்று இமானி சொன்னாள். டெவின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

வெர்னனுக்குப் பொறுக்கவில்லை. "அப்ப என்னை எப்ப அனுப்பறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"எங்க அனுப்பறது?" என்றாள் இமானி. பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் முகம் மாறியது. "வெர்னன், உங்களை யாரும் அனுப்பல. அந்தச் சிவப்புத் திரையை நீங்கதான் செய்யப் போறீங்க. இரண்டு வாரம் கழிச்சு நிரந்தரக் கடிதம் வரும். உங்களுக்கு யாருமே அதைச் சொல்லலையா?"

கூட்டம் முடிந்தது. நியாயமாக அவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். யாராவது ஒருவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் போதும், நிம்மதியாக இருந்திருப்பார். தப்புக்குத் தண்டனை இல்லையென்றால் இத்தனை வருடம் அவர் கட்டிக்காத்தது என்ன ஒழுங்கு? இதுதான் சரி என்றால், கர்ட்டிஸுக்குச் செய்ததற்கு என்ன பெயர்? சிவப்பு நிறம் அடிக்கிற ப்ரோகிராமை அன்று அவர் மூன்று முறை தப்பாக எழுதினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், அதே அறிக்கைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பழைய விபத்தை எழுதினார். பெயர் இல்லாமல் எழுதினார். இரண்டு சக்கரமும் ஒரே அளவு, ஒரே சிவப்பு. பெயர்ப் பலகை எண்ணெய்ப் புகையில் மறைந்து ஆறு வருடம். விளக்கு ஒன்று எரியவில்லை. பன்னிரண்டாவது மணி நேர வேலை. எல்லாம் விரல் நுனியில் இருந்தது. இத்தனையும் தெரிந்திருந்தும் அன்றைக்கு ஒரே சொல்லில் முடித்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைசிக் கேள்விக்கு வந்ததும் நின்றார். யாருக்குத் தெரியும்? 'ஒருவருக்கு' என்று எழுதினார். படிவத்தின் விதிப்படி அது சரிதான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தத் தாளைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கர்ட்டிஸ் வீட்டுக்கு வண்டியை விட்டார். எங்கே என்று மார்லிஸ் கேட்கவில்லை. பன்னிரண்டு மைல். கர்ட்டிஸ் இப்போது ஊருக்குப் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறான். வண்டி வாசலில் நின்றது. வீட்டுக்குப் பின்னால் சவுனாவின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. வெர்னன் சவுனாவின் வெளி அறையைக் கடந்து போய், உள் கதவைத் தட்டித் திறந்தார். மேல் பலகையில் துண்டோடு உட்கார்ந்திருந்தான் கர்ட்டிஸ். தாடி நரைத்திருந்தது.

"வாங்க ஃபோர்மேன்" என்றான். "யாரு செத்தா?"

"யாரும் சாகல. உனக்கு ஒண்ணு எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

"நீ எழுதினதை ஒருதடவை படிச்சாச்சு. போதும்."

வெர்னன் போகவில்லை. கதவருகிலேயே நின்று தாளைப் பிரித்தார். அவரே படிக்கலாம் என்று கண்ணாடியை மாட்டினார். உள்ளேயிருந்து வந்த ஆவியில் கண்ணாடி ஒரே வெள்ளையாகிவிட்டது. துடைத்தார், திரும்ப வெள்ளையாயிற்று. தாளும் நமுத்துக் கையில் தொங்கியது. படிக்க முடியாமல், நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஒரே சிவப்பு, மறைந்த பலகை, எரியாத விளக்கு, பன்னிரண்டாவது மணி நேரம். சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசிக் கேள்வியில் நின்றார். 'ஒருவருக்கு' என்று எழுதியது வாயில் வரவில்லை. கம்பெனி வழக்கம் மில்வாக்கியிலேயே இருக்கட்டும் என்று நினைத்தார்.

"எனக்குத் தெரியும், கர்ட்டிஸ். உனக்கு நடந்ததுக்கு ஒண்ணரை வருஷம் முன்னாடி நானே அந்தக் கூழுச் சக்கரத்தைத் தண்ணின்னு நெனச்சுத் திருகியிருக்கேன். பாதி சுத்துக்குள்ள சக்கரம் சுட்டுச்சு. மூடிட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லல. அப்பதான் ஃபோர்மேன் ஆகியிருந்தேன்."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. கர்ட்டிஸ் தன் வலது கையை விரித்து, பின்னும் முன்னும் திருப்பிப் பார்த்தான்.

"பதினோரு வருஷமா இந்தக் கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், வெர்ன். தெரிஞ்ச இடம், தெரிஞ்ச சக்கரம், இது எப்படி அங்க போச்சுன்னு. இன்னிக்கும் பனி வண்டியில ஒரு லீவரத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாக்கறேன். எனக்கு மட்டும் மூளையில ஏதோ பிசகுன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "வேலை போனது போகட்டும். எனக்கும் அப்படித்தான்டான்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ."

வெர்னன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். இவ்வளவு பெரியதுக்கு அது எப்படிப் போதும் என்று இப்போது தோன்றியது. கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். கர்ட்டிஸ் சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அகப்பையால் தண்ணீரை மொண்டு அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த கல்லில் ஊற்றினான்.

"கதவத் தெறந்து போட்டுக்கிட்டு நிக்காத" என்றான். "சூடெல்லாம் போகுது."

"நான் கெளம்பவா?"

கர்ட்டிஸ் பலகையில் தன் பக்கத்தில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். வெர்னன் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று ஒரு கணம் குழம்பினார். பிறகு வெளி அறைப் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். முடிச்சு அவிழ நேரம் ஆயிற்று.